பெருமூச்சு குடித்த வெள்ளைக் கார்

கிருபாகரனின் வெள்ளைப் பந்தயக் கார் ரேணுகாதேவியின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்த திங்கட்கிழமையிலிருந்து ஆவாரங்காட்டு வீதியில் ஒருவருக்கும் பெருமூச்சு வரவில்லை என்பது எங்களுக்குப் புதன்கிழமைதான் தெரியவந்தது, அதுவும் டீக்கடை பெஞ்சு காலியாகக் கிடந்ததை வைத்து. டீ விற்காமல் இல்லை, வழக்கத்தைவிடக் கூடவே விற்றது. ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் கிளாசைக் கையில் பிடித்தபடி வீதியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே குடித்தார்கள், குடித்துவிட்டு கிளாசை எவன் வீட்டு மதில்மேலோ வைத்தார்கள், வைத்த இடத்தை மறந்து இன்னொரு டீ சொன்னார்கள். கடைக்காரர் அன்று மட்டும் பத்தொன்பது கிளாசைத் தேடி வீடு வீடாக அலைந்தார், அவரும் எங்கேயும் உட்காரவில்லை.

கோயமுத்தூரில் லேத்துப் பட்டறையும் வெல்டிங் கடையும் எதிரெதிரே நின்று காலை ஏழு மணிக்கே கத்த ஆரம்பிக்கும் வீதிகள் எத்தனையோ உண்டு, எங்களுடையதும் அதில் ஒன்று. எனக்கு அங்கே மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை. எதிரே ரங்கராஜின் லேத்து. பக்கத்தில் சாரதாமணி மெஸ். வீதி முடிகிற இடத்தில் ரேணுவின் கொட்டகை. அதன் தரையில் இரண்டு இரும்பு உருளைகள் பதித்திருக்கும், காரை அவற்றின் மேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டால் நின்ற இடத்திலேயே நூற்றிருபதில் ஓடும். ரேணுவுக்கு முப்பத்தாறு வயது. பெரிய கம்பெனி ஒன்றில் என்ஜின் சோதிக்கும் வேலையில் இருந்து, மேலாளரிடம் நீ சொல்வது தப்பு என்று மூன்று தடவை சொல்லி, மூன்றாவது தடவை வெளியே வந்தவள். கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகாது. பந்தயக் காருக்கு எவ்வளவு பெட்ரோல் ஊட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அவள் தொழில், அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று நாங்கள் வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வோம்.

அவள் எங்களுக்கு விளக்கியதை உள்ளபடி சொல்கிறேன். அந்தக் காரில் இருக்கும் டர்போ என்பது வேறொன்றுமில்லை, என்ஜின் விடுகிற புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றலில் வெளிக்காற்றை இழுத்து என்ஜினின் தொண்டைக்குள் திணிக்கிற சமாச்சாரம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எத்தனை வேகத்தில் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எண் குறைந்தால் உள்ளே சூடேறி பிஸ்டனில் ஓட்டை விழும், கூடினால் வண்டி கறுப்புப் புகை கக்கித் திக்கும். அந்த எண்களை லேப்டாப்பில் படமாகப் பார்த்தால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மலைச்சரிவு போல இருக்க வேண்டும், அப்படி இருந்தால்தான் இந்த எண்களைச் சரிசெய்யும் ட்யூனிங்காரர்களுக்கு மனசு ஆறும்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்றே முக்காலுக்கு, நிமிஷத்துக்கு மூவாயிரத்தைந்நூறு சுற்றில் அவள் என்ஜினைப் பிடித்து வைத்திருந்தபோது, காற்றை அளக்கும் மீட்டர் அந்த என்ஜினுக்குள் அடங்கவே அடங்காத ஓர் அளவைக் காட்டியது. கை பழக்கத்தில் ரேணு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய் ஏதோ ஓர் எண்ணில் சரிக்கட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை படத்தைப் பார்த்தால், அழகான சரிவுக்கு நடுவே லைட்டுக் கம்பம் நட்ட மாதிரி ஒரே ஒரு கட்டம் மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அவளால் அதைப் பொறுக்க முடியவில்லை, அவளைப் போன்ற எவராலும் பொறுக்க முடியாது. மீட்டர் கோளாறு என்று முடிவு கட்டி, முதல் நாள் பதிவை மொத்தமாக அழித்து, சுற்றியிருந்த கட்டங்கள் எண்பத்து நான்கும் எண்பத்தாறுமாக இருந்ததால் இதையும் எண்பத்தைந்தாக்கி, கம்பத்தைத் தட்டிச் சமன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அந்த ஒரு தட்டுத்தான் பின்னால் வந்த ஆபத்துக்கெல்லாம் காரணம்.

வியாழக்கிழமை ரங்கராஜ் ஸ்பேனர் இரவல் கேட்டுக் கொட்டகைக்குப் போனார். அவருடைய மச்சினன் நாலு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்து நாலு வருஷமாகத் தங்கியிருக்கிறான். அவனை நினைத்து நாளைக்கு நாலைந்து பெருமூச்சாவது விடுவது ரங்கராஜின் வழக்கம். ஓடிக்கொண்டிருந்த காருக்கு முன்னால் நின்று அவர் மூச்சை இழுத்தார், நெஞ்சு விரிந்தது, தோள் ஏறியது, ஆனால் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, மீட்டர் முள் மட்டும் துள்ளியது. ரேணு அவரை இன்னொரு தடவை மச்சினனை நினைக்கச் சொன்னாள். முள் மறுபடியும் துள்ளியது. எட்டு கிராம் என்று ரேணு படித்துச் சொன்னாள், ரங்கராஜ் ஸ்பேனரை மறந்துவிட்டு அந்தச் செய்தியோடு வீதிக்கு ஓடிவந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. ஆளாளுக்கு வரிசையில் நின்று தன் பெருமூச்சு எத்தனை கிராம் என்று பார்த்தார்கள். டீக்கடைக்காரருக்கு நாலு கிராம்தான் வந்தது, மனிதர் அவமானப்பட்டுப்போய் மீட்டர் சரியில்லை என்று சண்டை போட்டார். வெல்டிங் கடைக்காரரின் மனைவிக்குப் பதினாலு கிராம் வந்தது. அன்றிலிருந்து அவர் கையில் வெல்டிங் கம்பியோடு அவள் பின்னாலேயே நடந்து, அப்படி உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காரின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பம்பரில் மிளகாய் கோர்த்துக் கட்டினார்கள், சைலன்சர் குழாய்க்கு யாரோ சந்தனம் பூசப்போக அது கருகி வீதியே கோயில் மாதிரி மணத்தது. கிளினிக் டாக்டர் எல்லாருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், எழுதும்போது அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஆனால் வாழ முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு பேச்சு முடிய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, "செரி உடு" என்று சொல்ல வேண்டும். அந்த மூச்சு இல்லாமல் அந்தச் சொல் வரவே வராது என்று அந்த வாரம்தான் கண்டுகொண்டோம். ஆரம்பித்த சண்டை முடியவில்லை, ஆரம்பித்த பேரம் முடியவில்லை, பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் பதினேழு தீர்மானம் எடுத்து ஒன்றைக்கூட முடிக்காமல் நின்றுகொண்டே கலைந்தோம். வேலை என்னவோ இரண்டு மடங்கு ஆனது. நான் நாற்பது மோட்டார் சுற்றினேன், சுற்றியவற்றைப் பார்த்துத் திருப்தியாக ஒரு நிமிஷம் உட்கார வரவில்லை, பிரித்து மறுபடி சுற்றலாமா என்று கை துறுதுறுத்தது.

ரேணுதான் வழி கண்டுபிடித்தாள். உள்ளே போன பெருமூச்சு அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஒவ்வொருவர் பெருமூச்சுக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கிறது, என்ஜின் அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை அது குழாயில் காத்துக் கிடக்கிறது, தாண்டும்போது அதற்கேற்ற பெட்ரோல் கிடைத்தால் முழுசாக எரிந்து பின்பக்கம் வெளியே வருகிறது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் எழும்பிய சின்னச் சின்ன மேடுகளை அவள் தட்டிவிட்டிருந்தாள், அவற்றையெல்லாம் அந்தந்த நாள் பதிவைப் பார்த்துத் திரும்ப ஏற்றினாள். வியாழக்கிழமை சாயங்காலமே ஆறு மணிக்கு எல்லாக் கட்டங்கள் வழியாகவும் காரை ஓட்டினாள். சைலன்சருக்குப் பின்னால் கூட்டமாக நின்றோம், அவரவர் பெருமூச்சு அவரவரைத் தேடி வந்தது, லேசாகப் பெட்ரோல் வாசம் அடித்தாலும் நம்முடையது என்று நமக்குத் தெரிந்தது. ரங்கராஜ் கண்ணை மூடி, "செரி உடு, இருந்துட்டுப் போறான்" என்றார். அந்த நிமிஷம் வீதியே நடைபாதையில் உட்கார்ந்தது. ஆறு மணி என்பது அப்படித்தான் எங்களுக்குச் சாப்பாட்டு வேளை மாதிரி ஆனது.

சாரதாமணியக்கா மட்டும் உட்காரவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினொரு வருஷமாகத் தனியாளாக மெஸ்ஸை நடத்துகிறவர், சாதாரண நாளிலேயே அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு என்பதால் முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. மத்தியானப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, மூன்றே முக்காலுக்குப் பின்கட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவார், அந்த ஒன்றுதான் அவருடைய ஒரு நாளின் ஓய்வு. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதுவும் இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஆறு மணிக்கு வந்து சைலன்சருக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார், எல்லாருக்கும் வரும், அவருக்கு வராது, நடந்தபடியே திரும்பிப் போவார். சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து வீதிமுனைக்குமாக இராப்பகலாக நடந்தார். வெள்ளிக்கிழமை அவர் பாதம் வீங்கி, குதிகால் வெடித்து, நடந்த இடமெல்லாம் ரத்தம் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கிப் பார்த்தார்கள், அடுப்பின் மேல் உட்கார வைத்தது போலத் துடித்து எழுந்துவிட்டார். ஊசி போட்டும் கண் மூடவில்லை. இன்னும் இரண்டு நாள் இப்படி நடந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னார்.

ரேணு இதைக் கேட்டதும் லேப்டாப்பைத் திறந்து அந்த எண்பத்தைந்தைப் பார்த்தாள். அந்தக் கம்பம் எழும்பியது அக்கா வாளிமேல் உட்காரும் அதே மூன்றே முக்காலுக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நேரே வீதி நடுவில் வந்து நின்று, நான்தான் செய்தேன், அக்காவின் பெருமூச்சைக் கோளாறு என்று நினைத்து வெட்டிவிட்டேன், பெட்ரோல் பத்தாமல் அது உள்ளேயே கருகிப்போய்க்கொண்டிருக்கிறது, நான் போட்டிருந்த எண்ணும் எனக்கு நினைவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை, அன்று பார்த்தோம். குத்துமதிப்பாகத் தொண்ணூறு, நூறு, நூற்றைம்பது என்று போட்டுப் பார்த்தாள், கார் புகை கக்கியதுதான் மிச்சம். அக்காவுக்குள்ளிருந்து புதிதாக ஒரு மூச்சு கிளம்பி வந்தால்தான் அதற்கேற்ற எண்ணை அளந்து பிடிக்க முடியும். நாலு நாள் கருகியதில் அக்காவுக்கு மூச்சு கிளம்புவதே நின்றுபோயிருந்தது.

இதற்கு நடுவே கிருபாகரன். பம்ப்செட் வார்ப்படப் பட்டறை முதலாளி, நல்ல மனிதர், ஆனால் பத்து வருஷமாகப் பந்தயம் ஓட்டி ஒரு தடவைகூட முதலில் வராதவர். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். எங்கள் பெருமூச்சால் அவர் வண்டிக்கு நாற்பது குதிரைச் சக்தி சும்மா கிடைத்திருந்தது, அதைக் கேட்டு மனிதர் பூரித்துப்போயிருந்தார். வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபோதும் எங்கள் மூச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்தது என்பதால், வண்டி எங்கே இருந்தாலும் பலன் உண்டு என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. சங்கத்துக்காரர்கள் போய் முறையிட்டோம்.

"காத்துக்கு யாருங்க ஓனரு?" என்று கேட்டார். "உங்க வீதில வீசுனா உங்களுதாயிருமா?"

சனிக்கிழமை நாலரைக்கு வண்டியை ஏற்றிப்போக லாரி வரும் என்று சொல்லிவிட்டார். எண்பத்தைந்தோடு வண்டி பந்தயத்துக்குப் போனால் சாரதாமணியக்கா நடந்தே செத்துப்போவார் என்று வீதியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மூன்றரைக்கு ரேணு அக்காவைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். வீதி மொத்தமும் பின்னால் போனோம். கிருபாகரனும் வந்துவிட்டிருந்தார். கார் உருளைமேல் மூவாயிரத்தைந்நூறு சுற்றில் ஒரே சீராக இரைந்தது, அக்கா காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார், ரேணு லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி கூடவே நடந்தாள். மணி மூன்றே முக்கால் ஆனதும் கேட்டாள்.

"அக்கா, தெனமும் இந்நேரத்துக்கு என்னத்தை நெனைச்சுப் பெருமூச்சு உடுவீங்க?"

பதினொரு வருஷமாக அவர் கையால் சாப்பிடுகிறோம், இதை அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. அக்கா இன்னும் இரண்டு சுற்று நடந்தார். பிறகு நடந்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு உங்க மாமன் லேத்துல இருந்து வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாரு கண்ணு. மூணே முக்கா இருக்கும். மொகமெல்லாம் வேத்து ஊத்துச்சு. நாலு பேரு எலைக்கு நின்னுட்டிருந்தாங்க. நீங்க ஊட்டாளுதானே, எந்திரிங்க, அவிய உக்காரட்டும்னு சொல்லிப்போட்டேன்."

அக்கா காரின் பின்பக்கம் சுற்றி மறுபடி முன்னால் வந்தார்.

"எந்திரிச்சாரு கண்ணு. ஒண்ணுமே சொல்லுல. எந்திரிச்சு வாசப்படி தாண்டுனாரு, அவ்வளவுதான்."

மெஸ் வாசலில் அக்காவின் புருஷன் மாரடைத்து விழுந்து இறந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுப்பிவிடப்பட்டது யாருக்கும் தெரியாது. யாருக்கும் என்று சொன்னது பொய், எனக்குத் தெரியும். இலைக்கு நின்ற அந்த நாலு பேரில் நானும் ஒருவன். அவர் எழுந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்தேன், பெஞ்சு சூடாக இருந்தது, பசி வேகத்தில் ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் சத்தம் கேட்டது. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா காருக்கு முன்னால் நின்றார். ஐந்து நாளில் முதல் தடவையாக நின்றார். நெஞ்சு எழும்பியது, எழும்பிக்கொண்டே இருந்தது, மீட்டர் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு அங்கேயே நின்றது. என்ஜினுக்குள் ஆணி போட்டுக் குலுக்கியது போல டக்டக்கென்று தட்டல் ஆரம்பித்தது. ரேணு தொண்ணூற்றாறு என்றாள், நூற்றுப் பத்து என்றாள், தட்டல் நிற்கவில்லை. பிஸ்டன் போயிரும் என்று கிருபாகரன் ஓடிவந்து லேப்டாப்பின் மேல் கையை வைத்தார். ரேணு அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவர்தான் அக்காவைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், கையை எடுத்துவிட்டார். நூற்றிருபத்து நான்கு. நூற்று முப்பத்தொன்று. தட்டல் நின்றது, சுற்று சீரானது, சைலன்சர் வழியாக ஒரு மூச்சு வெளியே வந்தது. அது கொட்டகையின் தகரத்தை அசைத்துக்கொண்டு வெகுநேரம் வந்தது, அதில் ரசம் தாளித்த வாசம் அடித்தது. சாரதாமணியக்கா காரின் பின்பக்கம் போய், தரையில் ஆயில் கொட்டிக் கிடந்த இடத்திலேயே, காலை நீட்டி உட்கார்ந்தார்.

லாரி வந்தது. கிருபாகரன் ரேணுவைத் தனியே கூப்பிட்டு, அக்காதான் உட்கார்ந்தாயிற்றே, பந்தயத்துக்கு மட்டும் கம்பத்தைத் தட்டிச் சமன் செய்து கொடுக்க முடியுமா, மற்ற நேரமெல்லாம் இருக்கட்டும் என்று கேட்டார். வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அந்தக் கட்டம் வரும், மூச்சு வராத நேரத்தில் அத்தனை பெட்ரோல் விழுந்தால் வண்டி திக்கும் என்று அவருக்கும் தெரியும்.

"தட்டுனா நாளைக்கு மூணே முக்காலுக்கு மறுபடி எந்திரிச்சிருவாங்கண்ணா," என்றாள் ரேணு.

கிருபாகரன் கம்பத்தைத் தட்டாமலேயே வண்டியை லாரியில் ஏற்றினார்.

பந்தயத்துக்கு வீதியோடு போயிருந்தோம். பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டிலும் அதே இரண்டாவது வளைவில் வெள்ளைக் கார் ஒரு தரம் திக்கி, குபுக்கென்று கறுப்புப் புகை விட்டு, பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டது. புகை வரும்போதெல்லாம் நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம், பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். கிருபாகரன் ஐந்தாவதாக வந்தார். அவர் பட்டறை ஆட்கள் எங்களை முறைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் நல்ல கூட்டம். வெளியூரிலிருந்து உதிரிபாகம் எடுக்க வந்த ஆட்கள் வேறு. மூன்றே முக்காலாகியும் பந்தி ஓயவில்லை, கடைசி பெஞ்சில் மட்டும் ஓர் இடம் காலியானது. அதில் உட்கார நாலைந்து பேர் நகர்ந்தோம். சாரதாமணியக்கா கரண்டியை ரேணுவின் கையில் கொடுத்தார், ஓர் இலையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்தார், அந்த இடத்தில் உட்கார்ந்து இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். நாங்கள் நின்றோம். ரேணு சோறு வைத்தாள்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கிருபாகரன் உள்ளே வந்தார். ஆறு மணிக்கு எல்லாருக்கும் மூச்சு வேண்டும் என்பதால் தினமும் வண்டியைக் கொண்டுவருவதாக அவரே ஒப்புக்கொண்டிருந்தார், அன்றைக்குப் பசியோடு கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் ரேணு பதறி அக்காவைப் பார்த்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தக் கை ஒரு கணம் நின்றது.

"நான் நிக்கறனுங்க," என்றார் கிருபாகரன்.

எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அக்காவிடம் அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நான்தான் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே, பதினொரு வருஷமாக நான் யார் என்று தெரிந்தேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சை இழுத்தேன், வெளியே ஒன்றும் வரவில்லை, அது காருக்குப் போய்விட்டது, ஆறு மணிவரை காத்திருக்க வேண்டும்.

"ரசம் போடு கண்ணு," என்றார் அக்கா ரேணுவிடம்.

ரேணு ரசம் ஊற்றினாள். அக்கா அவசரப்படாமல் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார், மோருக்கும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். நாங்கள் ஆறு பேர் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தோம். அக்கா எழுந்திருக்கவில்லை.